பேசவிடுவோம் நம் பிள்ளைகளை

'பயான்' என்றதும் நமக்குச் சட்டென்று நினைவுக்கு வருவது வெள்ளிக்கிழமையும் மிம்பரும் மைக்கும்தான். "இன்னைக்கு யாரு பயான்?" என்று கேட்டுக்கொண்டேதான் பள்ளிவாசல் படியேறுகிறோம். ஆனால் அல்குர்ஆன் இந்தச் சொல்லை ஆலிம்களுக்கு மட்டும் உரியதாக ஆக்கவில்லை. 'அர்ரஹ்மான்' அத்தியாயத்தின் தொடக்கத்தில், தான் குர்ஆனைக் கற்றுக்கொடுத்ததையும் மனிதனைப் படைத்ததையும் சொன்ன கையோடு, அவனுக்கு 'பயான்' கற்றுக்கொடுத்ததையும் அல்லாஹ் நினைவூட்டுகிறான் (அல்குர்ஆன் 55:1-4). உள்ளத்தில் உள்ளதைத் தெளிவாக எடுத்துச்சொல்லும் ஆற்றலே அந்த பயான். சூரியன், சந்திரன், வானம், தராசு பற்றிய பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான் வருகிறது.

ஆதி பிதா ஆதம் (அலை) அவர்களுக்கு முதலில் கற்றுத்தரப்பட்டவை பொருள்களின் பெயர்கள் (2:31). ஹிரா குகையில் இறங்கிய முதல் வசனங்கள் ஓதுவதையும் எழுதுகோலையும் பற்றிப் பேசின (96:1-5). நம் மார்க்கம் சொல்லோடு பிறந்த மார்க்கம்.

அந்த மார்க்கத்தின் பிள்ளைகள் இன்று எப்படி வளர்கிறார்கள்? மக்தபில் ஒரு சிறுவன் யாசீன் சூராவைப் பார்க்காமல் ஓதுகிறான், மாஷா அல்லாஹ். அதே சிறுவனிடம் "நேத்து ஏன்பா வரல?" என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறான். கல்யாண வீட்டில் பத்துப் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். பத்துப் பேர் கையிலும் செல்போன், ஒரு சத்தமும் இல்லை. அதைப் பார்த்து நாம் கவலைப்படுவதற்குப் பதிலாக நிம்மதி அடைகிறோம். "எங்க பையன் வாயே திறக்க மாட்டான், அவ்வளவு நல்ல பிள்ளை" என்று பெருமையாகச் சொல்கிறோம். கேள்வி கேட்கும் பிள்ளைக்கு நாம் வைத்திருக்கும் பெயர் 'அதிகப்பிரசங்கி'. பெண் பிள்ளையாக இருந்தால் 'வாயாடி'.

வாய் திறக்காத பிள்ளைதான் நல்ல பிள்ளை என்ற இந்த எண்ணம் நமக்கு எங்கிருந்து வந்தது? மார்க்கத்திலிருந்து வரவில்லை என்பதற்கு ஸஹீஹ் புகாரியில் உள்ள ஒரு நிகழ்வே போதுமானது.

ஒரு மரமும் ஒரு கேள்வியும்

நபி (ஸல்) அவர்கள் தோழர்களோடு அமர்ந்திருக்கிறார்கள். பேரீச்ச மரத்தின் குருத்து கொண்டுவரப்படுகிறது. அப்போது நபியவர்கள் ஒரு புதிர் போடுகிறார்கள்: மரங்களில் ஒன்று இருக்கிறது, அதன் இலை உதிர்வதில்லை, அது ஒரு முஸ்லிமுக்கு உவமை, அது எந்த மரம்?

தோழர்களின் எண்ணம் பாலைவனத்து மரங்களை எல்லாம் சுற்றி வருகிறது. அங்கிருந்தவர்களில் மிக இளையவர் அப்துல்லாஹ் பின் உமர் (ரலி). அவருக்கு விடை தெரிந்துவிட்டது. ஆனால் அபூபக்ர் (ரலி), உமர் (ரலி) போன்ற பெரியவர்களே பேசாமல் இருக்கும்போது தாம் எப்படிச் சொல்வது என்று வெட்கப்பட்டு இருந்துவிட்டார். கடைசியில் நபியவர்களே அது பேரீச்ச மரம் என்று சொன்னார்கள்.

பிறகு அவர் தம் தந்தை உமர் (ரலி) அவர்களிடம், தம் மனதில் அந்த விடை தோன்றியதைச் சொன்னார். நம்மில் ஒரு தகப்பனார் என்ன சொல்லியிருப்பார்? "நல்லவேளை, பெரியவங்க முன்னாடி முந்திரிக்கொட்டை மாதிரி பேசாம இருந்தியே" என்றுதான் சொல்லியிருப்பார். உமர் (ரலி) அவர்களோ, நீ அதைச் சொல்லியிருந்தால் எனக்கு இன்னின்ன செல்வம் கிடைப்பதைவிட அது விருப்பமானதாக இருந்திருக்கும் என்ற கருத்தில் பதில் சொன்னார்கள்.

மகன் மரியாதை தெரிந்தவர். அந்த அடக்கத்தைத் தந்தை கண்டிக்கவில்லை. ஆனாலும் சபையில் மகனின் குரல் கேட்டிருக்க வேண்டும் என்று அந்தத் தகப்பனின் உள்ளம் ஏங்கியது. இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் இந்த ஹதீஸை, ஆசிரியர் தம் மாணவர்களின் அறிவைச் சோதிக்கக் கேள்வி கேட்பது பற்றிய பாடத்திலும் கொண்டுவருகிறார்கள். கல்வியில் வெட்கப்படுவது பற்றிய பாடத்திலும் கொண்டுவருகிறார்கள். நாம் இந்த ஹதீஸைப் பேரீச்ச மரத்தின் சிறப்புக்காக எத்தனையோ முறை கேட்டிருப்போம். பிள்ளை வளர்ப்புக்காக ஒருமுறையேனும் கேட்க வேண்டும்.

நபியவர்கள் பிள்ளைகளோடு பேசிய விதம்

அனஸ் (ரலி) அவர்களுக்கு ஒரு சின்னத் தம்பி. பெயர் அபூ உமைர். அந்தப் பிள்ளை ஒரு சிறிய குருவியை வைத்து விளையாடிக்கொண்டிருந்தது. அரபியில் அதற்கு 'நுஃகைர்' என்று பெயர். நபி (ஸல்) அவர்கள் அந்த வீட்டுக்கு வரும்போதெல்லாம், உமைரையும் நுஃகைரையும் எதுகை போல இணைத்து, உன் குருவி என்ன ஆயிற்று என்று அந்தப் பிள்ளையிடம் கேட்பார்கள் (புகாரி, முஸ்லிம்). மதீனாவின் தலைவர், வஹீ இறங்கும் நபி, ஒரு குழந்தையின் குருவியைப் பற்றி விசாரிக்கிறார்கள். அதையும் குழந்தையின் காதுக்கு இனிக்கும்படி ஓசை நயத்தோடு கேட்கிறார்கள். அந்த ஒரு வரியிலிருந்து அறிஞர்கள் எத்தனையோ சட்டங்களை எடுத்திருக்கிறார்கள். நாம் எடுக்க வேண்டியது, பிள்ளையிடம் பிள்ளைக்குப் பிடித்ததைப் பற்றிப் பேச வேண்டும் என்பது.

இன்னொரு நிகழ்வு. பேரர் ஹஸன் (ரலி) சிறு பிள்ளையாக இருந்தபோது, ஸதகாவாக வந்த பேரீச்சம் பழத்தில் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். குழந்தை வாயிலிருந்து எதையாவது துப்பவைக்க நாம் "சீ... துப்பு, துப்பு" என்போமே, அதுபோல நபியவர்கள் "கிக், கிக்" என்றார்கள். அது மழலைக்குப் புரியும் சொல். அதோடு விடவில்லை. நாம் ஸதகாப் பொருளைச் சாப்பிடுவதில்லை என்று உனக்குத் தெரியாதா என்று காரணத்தையும் சொன்னார்கள். பால் மணம் மாறாத பிள்ளைதானே, அதற்கு எதற்கு விளக்கம் என்று நினைக்கவில்லை.

மூன்றாவது நிகழ்வு நம் காலத்துக்கு மிகவும் பொருந்தும். ஹிஜ்ரத் செய்து அபிசீனியாவுக்குப் போன ஒரு குடும்பத்தில் பிறந்து வளர்ந்த சிறுமி உம்மு காலித் (ரலி). அவர் மதீனாவுக்கு வந்தபோது, வேலைப்பாடு உள்ள ஓர் ஆடையை நபி (ஸல்) அவர்கள் அவருக்கு அணிவித்து, "ஸனா, ஸனா" என்றார்கள். 'அழகாக இருக்கிறது' என்று பொருள். அது அரபிச் சொல் இல்லை. அபிசீனிய மொழிச் சொல். அந்தச் சிறுமி காதில் கேட்டு வளர்ந்த மொழியிலேயே அவரை மகிழ்வித்தார்கள். இமாம் புகாரி இந்த நிகழ்வையும் ஹஸன் (ரலி) அவர்களின் நிகழ்வையும், வேற்றுமொழிச் சொல்லைப் பேசுவது பற்றிய ஒரே பாடத்தில் அடுத்தடுத்து வைத்திருக்கிறார்கள்.

வீட்டு மொழி வெட்கப்பட வேண்டியதா?

இன்று நம் வீடுகளில் இதற்கு நேர் எதிரானது நடக்கிறது. பிள்ளை வீட்டு மொழியில் பேசினால் நாம் கூசுகிறோம். ஆங்கிலவழிப் பள்ளியில் சேர்த்த நாளிலிருந்து தட்டுத் தடுமாறி நாமும் அரைகுறை ஆங்கிலத்தில் அவனோடு பேசுகிறோம். அவனுக்கு ஆங்கிலமும் நிறைவாக வரவில்லை. தமிழில் நான்கு வாக்கியம் சேர்ந்தாற்போல் சொல்லவும் தெரியவில்லை. ஆங்கிலம் அவசியம் படிக்க வேண்டும். ஆனால் கோபம், பயம், வெட்கம், ஏக்கம் இவற்றையெல்லாம் பிள்ளை முதலில் உணர்வதும் சொல்லிப் பழகுவதும் தாய் பேசும் மொழியில்தான். அந்த அடித்தளம் உறுதியாக இருந்தால் மற்ற மொழிகளை அதன் மேல் எழுப்பலாம். எந்தத் தூதரையும் அவருடைய சமுதாயத்தின் மொழியிலேயே அனுப்பியதாக அல்லாஹ் கூறுகிறான் (14:4).

தமிழ் முஸ்லிம்களாகிய நம் வீட்டுப் பேச்சு எவ்வளவு வளமானது என்று எண்ணிப் பார்த்திருக்கிறோமா? தொழுகை, நோன்பு, பெருநாள், பள்ளிவாசல், ஓதுதல். மார்க்கத்தின் தூண்களுக்கே நம் முன்னோர் தமிழ்ச் சொற்களைச் சூட்டி, தலைமுறை தலைமுறையாகப் புழங்கியிருக்கிறார்கள். குழம்பை 'ஆணம்' என்போம். காலையில் வீட்டுக்கு வருபவரிடம் "பசியாறிட்டீங்களா?" என்று கேட்போம். சாப்பிட்டாயா என்று கேட்பதைவிட அதில் எத்தனை கனிவு! வாப்பா, அத்தா, காக்கா, நானா, ராத்தா என்று ஊருக்கு ஊர் உறவுப் பெயர்கள். இவற்றைப் பிள்ளைகளுக்குத் தருபவர்கள் பெரும்பாலும் உம்மம்மாவும் நன்னியும்தான். வீட்டில் ஒரு மூதாட்டி இருக்கிறார் என்றால், பிள்ளைக்கு ஒரு சொற்களஞ்சியம் இருக்கிறது என்று பொருள். அவர்கள் பக்கத்தில் பிள்ளையை உட்காரவையுங்கள். "அந்தக் காலத்துல பெருநாளைக்கு என்ன செய்வீங்க?" என்று கேட்கச் சொல்லுங்கள். ஒரு மணி நேரம் போவது தெரியாது.

ஓதும் பிள்ளைக்குப் பொருளின் ருசி

மக்தபில் படிக்கும் பிள்ளைகள் தஜ்வீதோடு ஓதக் கற்பது பெரும் பாக்கியம். பொருள் தெரியாமல் ஓதினாலும் நன்மை உண்டு, அதில் ஐயமில்லை. ஆனால் ஒரு சொல்லுக்குப் பொருள் தெரிந்த நொடியில் பிள்ளையின் கண்களில் தோன்றும் மலர்ச்சி இருக்கிறதே, அதை ஏன் நாம் இழக்க வேண்டும்?

எளிதாகத் தொடங்கலாம். 'ஃபீல்' என்றால் யானை. 'நம்ல்' என்றால் எறும்பு. 'நஹ்ல்' என்றால் தேனீ. 'அன்கபூத்' என்றால் சிலந்தி. குர்ஆனில் எந்தெந்த உயிரினங்களின் பெயரில் அத்தியாயங்கள் இருக்கின்றன என்று ஏழு வயதுப் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். ஒரு விளையாட்டு போல அல்குர்ஆனின் பக்கங்களைப் புரட்டத் தொடங்கிவிடும்.

சற்றுப் பெரிய பிள்ளைகளுக்கு இன்னொரு சுவை இருக்கிறது. பள்ளியில் தமிழ் இலக்கணத்தில் இரட்டைக்கிளவி படித்திருப்பார்கள். கிடுகிடு, குசுகுசு, கணகண என்று ஒலியே பொருளைக் காட்டும் சொற்கள். அரபியிலும் இதற்கு இணையான சொற்கள் உண்டு. பூமி அதிர்வதைச் சொல்லும் 'ஸில்ஸால்' என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நாவே இரண்டு முறை அதிரும். நம் 'கிடுகிடு' போல. 'அந்நாஸ்' அத்தியாயத்தில் வரும் 'வஸ்வாஸ்', ஷைத்தான் உள்ளத்தில் போடும் இரகசியப் பேச்சு. நம் 'குசுகுசு' போல. மனிதன் படைக்கப்பட்ட களிமண்ணைக் குறிக்கும் 'ஸல்ஸால்', தட்டினால் ஓசை தரும் காய்ந்த மண். நம் 'கணகண' போல. இப்படி ஒருமுறை சொல்லிக்கொடுத்துவிட்டால், அந்தப் பிள்ளை ஆயுள் முழுவதும் அந்தச் சூராவை ஓதும்போது காது கொடுத்து ஓதும்.

அரபிச் சொற்களின் வேர் இன்னொரு விளையாட்டு. கிதாப் என்றால் நூல். காதிப் என்றால் எழுதுபவர். மக்தப் என்றால் எழுதும், கற்கும் இடம். மக்தபா என்றால் நூலகம். நான்கிலும் ஒளிந்திருக்கும் மூன்று எழுத்துகளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பிறகு ஸலாம், இஸ்லாம், முஸ்லிம், ஸலீம் என்று அடுத்த குடும்பத்தைக் கொடுங்கள். தன் பெயருக்குள்ளோ தன் நண்பன் பெயருக்குள்ளோ ஒரு வேர் இருப்பதைக் கண்டதும் பிள்ளை துள்ளிக் குதிக்கும்.

அதற்கும் அடுத்த படி: நாம் அன்றாடம் தமிழில் பேசும் அசல், நகல், பாக்கி, வசூல், ரத்து, ஆஜர், வக்கீல், ஜாமீன் ஆகிய சொற்களெல்லாம் அரபி மூலத்திலிருந்து வந்தவை. மளிகைக் கடைப் பாக்கியிலும் கோர்ட் வக்கீலிடமும் அரபி இருக்கிறது என்று தெரிந்தால், தெருவில் நடப்பதே பாடமாகிவிடும்.

மசலா சொன்ன சமுதாயம்

கேள்வி கேட்டும் புதிர் போட்டும் கற்பது நமக்குப் புதிதல்ல. இன்று முழுமையாகக் கிடைக்கும் தமிழ் இஸ்லாமிய இலக்கியங்களில் பழமையானதாகச் சொல்லப்படும் 'ஆயிர மசலா', 1572-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இயற்றியவர் வண்ணப் பரிமளப் புலவர். 'மஸ்அலா' என்றால் கேள்வி. யூத அறிஞராக இருந்த அப்துல்லாஹ் இப்னு ஸலாம் (ரலி) அவர்கள் நபியவர்களிடம் கேட்ட கேள்விகளும் விடைகளுமே அந்நூலின் அமைப்பு. 'நூறு மசலா' என்ற நூலும் நம்மிடம் உண்டு. உமறுப் புலவரின் சீறாப்புராணம் 5,027 பாடல்களைக் கொண்டது. கிஸ்ஸா, நாமா, முனாஜாத், படைப்போர் என்று வேறு எந்தத் தமிழ்ச் சமுதாயத்திடமும் இல்லாத இலக்கிய வகைகள் நம்மிடம் இருந்தன. வீடுகளில் ஒருவர் இராகத்தோடு படிக்க, மற்றவர்கள் சுற்றி அமர்ந்து கேட்ட காலம் அது. அந்நூல்களில் வரும் எல்லாச் செய்திகளும் ஆதாரப்பூர்வமானவை அல்ல என்பதை ஆலிம்கள் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள், அது சரியே. ஆனால் கூடி உட்கார்ந்து சொல்லை ருசித்த அந்தப் பழக்கத்தையும் சேர்த்து ஏன் விட்டுவிட்டோம்?

அதை மீட்பதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். சாப்பாட்டு நேரம் போதும். சஹனைச் சுற்றி நாலு பேர் உட்காரும்போது ஆளுக்கொரு விடுகதை. "அஞ்சு வேளை கூப்பிடுவான், ஒருநாளும் வீட்டுக்கு வரமாட்டான். யார்?" பாங்கு. "வருஷத்துக்கு ஒருதடவை வர்ற விருந்தாளி, அவன் வந்தா பகல்ல நமக்கே சோறில்ல. யார்?" ரமழான். இப்படி இரண்டு சொல்லிக்கொடுங்கள். மூன்றாவதைப் பிள்ளைகளே கட்டிவிடுவார்கள். அது பொருந்தாவிட்டாலும் சிரித்து ஏற்றுக்கொள்ளுங்கள். ஒரு விடுகதை கட்ட வேண்டுமானால் பிள்ளை ஒரு பொருளை நாலு பக்கமும் திருப்பிப் பார்க்க வேண்டும், அதற்கேற்ற சொல்லைத் தேட வேண்டும். அந்தத் தேடல்தான் நமக்கு வேண்டியது.

வெளிநாட்டில் உழைக்கும் வாப்பாமார்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. வீடியோ கால் வந்ததும் பிள்ளையிடம் நாம் கேட்பது பெரும்பாலும் மூன்றே கேள்விகள்: "சாப்பிட்டியா? படிச்சியா? ஓதினியா?" பிள்ளை மூன்றுக்கும் "ம்ம்" என்று சொல்லிவிட்டுப் போனை உம்மாவிடம் கொடுத்துவிடுகிறது. பிள்ளைக்கு வாப்பா மீது அன்பு இல்லாமல் இல்லை. பேசுவதற்கு விஷயம் இல்லை, அவ்வளவுதான். இன்று ஒரு விடுகதை போட்டு, விடை நாளைக்கு என்று சொல்லிப் பாருங்கள். யூனுஸ் நபி (அலை) மீன் வயிற்றுக்குள் போனதோடு கதையை நிறுத்திவிட்டு, மீதி நாளைக்கு என்று சொல்லுங்கள். மறுநாள் உங்கள் போனுக்காகப் பிள்ளை காத்திருக்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஊருக்கு வரும் தகப்பன், அன்றாடம் வீட்டில் இருப்பதற்கு இதைவிட எளிய வழி வேறில்லை.

சொல்லத் தெரிந்தால்தான் பாதுகாப்பு

இதுவரை மகிழ்ச்சியைப் பேசினோம். இனிப் பேசப்போவது பிள்ளையின் உயிரையும் மானத்தையும் சார்ந்தது.

ஒரு பிள்ளைக்குத் தீங்கு நேர்ந்து அது மாதக்கணக்கில் வெளியே வராமல் போவதற்குப் பயம் ஒரு காரணம். சொல்ல வார்த்தை இல்லாததும் ஒரு காரணம். என்ன நடந்தது என்பதை எப்படிச் சொல்வது, சொன்னால் நம்புவார்களா, "உன் மேலதான் தப்பு" என்று அடிப்பார்களா என்றெல்லாம் அந்தப் பிஞ்சு உள்ளம் தவிக்கிறது. நாலு வருடமாக "வாயை மூடு" என்று கேட்டு வளர்ந்த பிள்ளை, வாயைத் திறக்க வேண்டிய நாளிலும் மூடிக்கொண்டுதான் இருக்கும். 

யூஸுஃப் (அலை) அவர்களின் வரலாற்றைப் பாருங்கள். தாம் கண்ட விசித்திரமான கனவைச் சிறுவர் யூஸுஃப் முதலில் சொன்னது தம் தந்தையிடம் (12:4). யஃகூப் (அலை) அவர்கள் அதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. "போய் வேலையைப் பார்" என்று விரட்டவில்லை. 'என் அருமை மகனே' என்று அழைத்து, அதில் உள்ள ஆபத்தை எடுத்துச்சொல்லி எச்சரித்தார்கள் (12:5). இப்ராஹீம் (அலை) அவர்கள் தம் மகனை அறுப்பதாகக் கண்ட கனவைக்கூட அந்த மகனிடமே சொல்லி, உன் கருத்து என்ன என்று கேட்டார்கள் (37:102). லுக்மான் (அலை) அவர்களின் உபதேசத்தில் அந்தக் கனிவான விளி மூன்று முறை வருகிறது (31:13, 16, 17). அல்குர்ஆன் காட்டும் தந்தையர் பிள்ளையிடம் பேசுபவர்கள், பிள்ளை பேசினால் கேட்பவர்கள்.

எனவே பிள்ளைகளுக்குச் சில சொற்களைக் கட்டாயம் கொடுத்தாக வேண்டும். உடல் உறுப்புகளின் பெயர்களைக் கூச்சமில்லாமல், கண்ணியமாகச் சொல்லிக்கொடுங்கள். "வேண்டாம்", "எனக்குப் பிடிக்கல", "பயமா இருக்கு", "இதை உம்மாகிட்ட சொல்வேன்" ஆகிய நான்கையும் உரக்கச் சொல்லப் பழக்குங்கள். உறவினர் வீடானாலும், பள்ளி வேனானாலும், டியூஷனானாலும், நம் மக்தபானாலும் இதில் விதிவிலக்கு இல்லை. உஸ்தாதாக இருந்தாலும் தவறு தவறுதான் என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும். பிள்ளை ஏதாவது சொன்னால் முதலில் நம்புங்கள். விசாரிப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். சிறார் உதவி எண் 1098-ஐயும் மனப்பாடமாகச் சொல்லிக்கொடுங்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. சொல் இல்லாத பிள்ளை கையால் பேசும். மக்தபில் அடிக்கடி சண்டை போடும் பிள்ளைகளைக் கவனித்தால் இது தெரியும். "எனக்குக் கோபமா வருது", "நீ என்னை விட்டுட்டு விளையாடினது எனக்குக் கஷ்டமா இருந்துச்சு" என்று சொல்லத் தெரிந்துவிட்டால் பாதி அடிதடி குறைந்துவிடும்.

நம் நாவையும் கவனிப்போம்

பிள்ளைகள் சொற்களை நம் வாயிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறார்கள். நல்ல சொல்லை, வேர் ஆழமாகவும் கிளை வானளாவவும் வளர்ந்த நல்ல மரத்துக்கு அல்லாஹ் உவமையாக்குகிறான் (14:24). நல்ல வார்த்தை பேசுவதும் ஸதகா என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்தார்கள். அந்த ஸதகாவை வெளியாருக்குத் தாராளமாகக் கொடுத்துவிட்டு, பெற்ற பிள்ளைக்கு மட்டும் "மக்கு", "தண்டம்", "கழுதை" என்று கொடுக்கிறோம். பட்டப்பெயர் சூட்டுவதைக் குர்ஆன் தடுத்திருக்கிறது (49:11). அந்தத் தடை வீட்டுக்குள்ளும் செல்லும். கறுப்பு, குண்டு, நோஞ்சான் என்று விளையாட்டாகச் சூட்டிய பெயர் நாற்பது வயதிலும் ஒருவரை உறுத்துவதை நாம் பார்க்கிறோம்.

பத்து ஆண்டுகள் நபியவர்களுக்குப் பணிவிடை செய்த அனஸ் (ரலி), அத்தனை ஆண்டுகளில் 'சீ' என்ற ஒரு சொல்லைக்கூடத் தாம் கேட்டதில்லை என்று சாட்சி சொல்கிறார்கள் (புகாரி, முஸ்லிம்). சிறு பிள்ளையாக வந்து இளைஞராக வளர்ந்த அவர்கள்தாம், மிக அதிகமான ஹதீஸ்களை அறிவித்த தோழர்களில் ஒருவராக ஆனார்கள்.

வாக்கும் அப்படித்தான். ஒரு தாய் தன் பிள்ளையை "வா, உனக்கு ஒன்று தருகிறேன்" என்ற கருத்தில் அழைத்தார். என்ன கொடுக்க நினைத்தாய் என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். பேரீச்சம் பழம் என்றார் அந்தப் பெண். எதுவும் கொடுக்காமல் இருந்திருந்தால் அது உன் மீது ஒரு பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என்று நபியவர்கள் எச்சரித்தார்கள் (அபூதாவூத்). "அழாம இரு, கடைக்குப் போயிட்டு வரும்போது வாங்கிட்டு வர்றேன்" என்று ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்கிறோம்? சொல்லுக்கு மதிப்பில்லை என்பதை நாமே கற்றுக்கொடுத்துவிட்டு, பிள்ளை பொய் சொல்கிறதே என்று நொந்துகொள்கிறோம்.

இன்றிலிருந்தே தொடங்கலாம்

* ஒரு நாளில் ஒரு வேளைச் சாப்பாட்டையாவது செல்போன் இல்லாமல் குடும்பத்தோடு சாப்பிடுங்கள். பெரியவர்களின் போன்களும் இதில் அடங்கும்.

* "ஸ்கூல் எப்படி இருந்துச்சு?" என்றால் "நல்லா இருந்துச்சு" என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். "இன்னைக்கு உன்னைச் சிரிக்க வெச்சது யாரு?" என்று கேளுங்கள். கதை வரும்.

* இஷாவுக்குப் பிறகு தூங்கும் நேரத்தில் நபிமார்களின் வரலாற்றிலிருந்தோ ஸஹாபாக்களின் வாழ்விலிருந்தோ ஒரு கதை. வாரத்தில் ஒருநாள் பிள்ளை சொல்லட்டும், நாம் கேட்போம்.

* வாரத்துக்கு ஒரு சிறிய சூராவில் ஒரே ஒரு சொல்லின் பொருள். வருடம் முடியும்போது ஐம்பது சொற்கள் கையில் இருக்கும்.

* மளிகைச் சாமான் பட்டியலைப் பிள்ளை தமிழில் எழுதட்டும். எழுத்துப் பிழை இருந்தால் கடையிலிருந்து திரும்பிய பிறகு அன்போடு திருத்துங்கள்.

* பெருநாள் காசில் ஒரு பகுதியைக் கொடுத்து, பிள்ளை தானே தேர்ந்தெடுக்கும் ஒரு கதைப் புத்தகத்தை வாங்கச் சொல்லுங்கள். ஊர் நூலகத்தில் உறுப்பினராக்குங்கள்.

* மஹல்லா நிர்வாகிகள் மக்தப் ஆண்டு விழாவில் மனப்பாடப் பேச்சுக்குப் பரிசு கொடுப்பதோடு, தன் சொந்த வார்த்தையில் இரண்டு நிமிடம் பேசும் பிள்ளைக்கும் ஒரு பரிசு வைக்கலாம். திக்கிப் பேசும் பிள்ளையும் அதில் மேடையேற வேண்டும். நாவின் முடிச்சை அவிழ்த்துத் தருமாறு துஆச் செய்த மூஸா (அலை) அவர்கள்தாம் (20:27) ஃபிர்அவ்னின் முன்னால் போய் நின்று பேசினார்கள்.

பத்ருப் போரில் பிடிபட்ட கைதிகளில் ஈட்டுத்தொகை கொடுக்க இயலாதவர்களுக்கு, அன்சாரிகளின் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதையே ஈடாக ஆக்கினார்கள் நபி (ஸல்) அவர்கள். வறுமை சூழ்ந்திருந்த மதீனாவுக்கு அப்போது பணம் தேவைப்பட்டது. ஆயினும் பிள்ளைகளுக்கு எழுத்து கிடைப்பது அந்தப் பணத்துக்கு ஈடானது என்று அந்த ஆட்சி முடிவு செய்தது. நம்மிடம் பணம் கேட்கப்படவில்லை. சாப்பாட்டு நேரத்தில் அரை மணி நேரமும், பிள்ளை பேசும்போது திரும்பிப் பார்க்கும் முகமும்தான் கேட்கப்படுகின்றன.

நம் பிள்ளைகளின் நாவுகளில் உண்மையையும் இனிமையையும் தெளிவையும் வல்ல ரஹ்மான் தந்தருள்வானாக! அவர்கள் பேசும்போது காது கொடுத்துக் கேட்கும் பொறுமையை நமக்கும் தருவானாக! ஆமீன்.